தற்காப்புரிமையும் அதன் எல்லையும்

நள்ளிரவு நேரம். வன்னிப் பகுதியிலே ஊரின் ஓரமாக அமைந்த ஓட்டு வீடொன்றை நேயர்கள் மனக்கண் முன் கொண்டுவரலாம். அயல் வீட்டுக்குக் கூப்பிட்டாற் கேட்காத தூரம். வீட்டின் பின்புறத்திலே ஓடு கழற்றும் ஓசை எழுகின்றது. குடும்பத் தலைவர் விழித்துக் கொள்கின்றார். அடுத்த அறையில் மனைவியும் பிள்ளைகளும் உறங்குகின்றனர். வந்திருப்பவன் ஒருவனா, பலரா, அவன் கையில் என்ன இருக்கின்றது என்பதொன்றும் தெரியாது. கதவு மூலையிலே தென்னந்தோட்டத்துக்குக் குழி தோண்டும் அலவாங்கு சாத்திவைக்கப்பட்டிருக்கின்றது. அவர் அதனைக் கையில் எடுக்கின்றார்.

அந்த அரை நிமிட நேரத்தில் அவர் செய்யப்போகும் காரியத்தைப் பற்றிப் பின்னர் நீதிமன்றத்திலே சட்டத்தரணிகள் பல நாட்கள் வாதாடக்கூடும். அவர்களுக்கு வெளிச்சமும் நாற்காலியும் புத்தகமும் இருக்கும். குடும்பத் தலைவருக்கோ இருட்டும் அச்சமுமே துணை. இந்த வேறுபாட்டை உணர்ந்தே சட்டம் எழுதப்பட்டிருக்கின்றது என்பதுதான் பலர் அறியாத செய்தி.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அதன் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரையுள்ள பதினொரு பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. தற்காப்புரிமையைப் பிரயோகித்துச் செய்யப்படும் எக்காரியமும் குற்றமாகாது என்று 89ஆம் பிரிவு ஒரே வரியிற் கூறிவிடுகின்றது. எஞ்சிய பத்துப் பிரிவுகளும் அந்த ஒரு வரிக்கு வேலி கட்டுகின்றன.

இச்சட்டத்தின் மூலம் எங்கே என்று பார்த்தால், மெக்காலே பிரபுவிடம் போய்ச் சேரவேண்டும். 1837ஆம் ஆண்டில் அவர் தலைமையிலான ஆணைக்குழு இந்தியாவுக்கென ஒரு தண்டனைச் சட்ட வரைவைத் தயாரித்தது. 1860ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. அதனைப் பெரிதும் பின்பற்றியே இலங்கைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. தற்காப்பைப் பற்றி மெக்காலே எழுதிவைத்த குறிப்பொன்று கவனிக்கத்தக்கது. கொள்ளைக் கூட்டத்தாரின் கொடுமைகளை மக்கள் பொறுமையோடு தாங்கிக் கொள்வது அவருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதாம். ஆகவே, தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் துணிவை மக்களிடத்தே வளர்க்க வேண்டும், அதனை அடக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். இந்திய மக்களின் ஆண்மையைப் பற்றி அந்நிய ஆட்சியாளர் ஒருவர் தந்த அந்த மதிப்பீட்டை இன்று எவரும் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், அதன் பயனாக விளைந்த சட்டம் மட்டும் குடிமகனுக்குத் தாராளமாகவே இடங்கொடுக்கின்றது. இந்தியாவில் 2024ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தைப் புதிய சட்டமொன்று பிடித்துக்கொண்டது. தற்காப்புப் பற்றிய விதிகளோ ஏறக்குறைய அதே வாசகங்களோடு புதிய சட்டத்திலும் குடிபுகுந்துள்ளன.

90ஆம் பிரிவின்படி ஒருவர் தமது உடலை மட்டுமன்றிப் பிறருடைய உடலையும் காக்கலாம். தமது சொத்தை மட்டுமன்றிப் பிறர் சொத்தையும் காக்கலாம். தெருவிலே முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுக்க முயலும்போது குறுக்கே பாய்பவர், "உனக்கென்ன வந்தது?" என்ற கேள்விக்குச் சட்டத்தின் முன் விடை சொல்லத் தேவையில்லை. சொத்தைப் பொறுத்தவரையில், களவு, கொள்ளை, நாசம் விளைத்தல், குற்றமான அத்துமீறல் என்னும் நான்கு வகைக் குற்றங்களுக்கும் அவற்றைச் செய்ய முயல்வதற்கும் எதிராக இவ்வுரிமை உண்டு. தாக்குபவன் சித்த சுவாதீனமற்றவனாக இருந்தாலும் இவ்வுரிமை குறைவதில்லை. பைத்தியக்காரன் கொலை செய்தால் அவனுக்குத் தண்டனையில்லை. அதற்காக, அவன் ஓங்கிய கத்திக்குக் கழுத்தை நீட்டவேண்டுமென்று எச்சட்டமும் சொல்லவில்லை.

உயிரைப் போக்குமளவுக்கு இவ்வுரிமை எப்பொழுது செல்லும் என்பதே முக்கியமான வினா. உடலைக் காக்கும்போது, மரணமோ கடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல், வன்புணர்ச்சி நோக்கத்துடன் செய்யப்படும் தாக்குதல், ஆட்கடத்தல் நோக்கத்துடன் செய்யப்படும் தாக்குதல் முதலியன 93ஆம் பிரிவிலே எண்ணப்பட்டுள்ளன. சொத்தைக் காக்கும்போது இப்பட்டியல் மேலும் சுருங்கிவிடுகின்றது. 96ஆம் பிரிவின்படி, கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மக்கள் வாழும் வீட்டுக்கோ பொருள்களை வைத்துக் காக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல் ஆகியவற்றுக்கு எதிராக இறுதி எல்லை வரை செல்லலாம். ஏனைய களவு, நாசம், வீட்டு அத்துமீறல் என்பவற்றில், தடுக்காவிட்டால் மரணமோ கடுங்காயமோ விளையும் என அஞ்ச இடமிருந்தால் மட்டுமே அவ்வெல்லை திறக்கும். அச்சம் என்பது கோழையின் கற்பனையாக இருத்தல் கூடாது. அந்த இடத்தில், அந்த வேளையில், சாதாரண மனிதர் ஒருவருக்கு உண்டாகக்கூடிய அச்சமாக இருத்தல் வேண்டும்.

இரவில் வீடுடைப்பவனுக்கும் பகலிற் களவெடுப்பவனுக்கும் இடையே சட்டம் வைக்கும் இந்த வேறுபாடு புதிதன்று. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் எழுதப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டத்திலும் இது காணப்படுகின்றது. இரவுக் கள்வனைக் கொன்றவர் குற்றவாளியல்லர். பகற் கள்வனாயின், அவன் ஆயுதத்தால் எதிர்த்தாலன்றிக் கொல்லுதல் ஆகாது. இரவிலே வருபவனின் முகமும் தெரியாது, நோக்கமும் தெரியாது, உதவிக்கு வருவாரும் இலர் என்பதே இதன் காரணம். மின்விளக்கும் தொலைபேசியும் வந்த பின்னரும் அக்காரணம் முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சட்டக்கோவையில் இரவு என்பது சூரியன் மறைந்தபின் உதிக்கு முன்னுள்ள காலமாகும். ஓட்டைக் கழற்றுதல், சுவரிலே கன்னமிடுதல், பூட்டைத் திறத்தல், மதிலேறிப் புகுதல் போன்றவை வீடுடைத்தலாகும். திறந்து கிடந்த படலையால் முற்றத்துக்குள் நடந்து வந்தவன் அத்துமீறியவனாகலாம், வீடுடைத்தவனாகான்.

இனி, அலவாங்கோடு நிற்கும் குடும்பத் தலைவரிடம் திரும்பலாம். ஓட்டைக் கழற்றிக் கூரை வழியே ஒருவன் இறங்குகின்றான். இது இரவில் வீடுடைத்தல். தலைவர் ஓங்கி அடிக்கின்றார். அந்த அடியினால் வந்தவன் இறந்தானெனினும், அத்தருணத்துக்கு அவ்வளவு பலம் தேவையாயிருந்தால், சட்டம் அவரைக் காக்கும். எத்தனை இறாத்தல் பலத்தோடு அடிக்கலாம் என்று பொற்கொல்லன் தராசிலே நிறுத்துப் பார்த்து அடிக்க எவராலும் முடியாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை எடுத்துக் கூறியுள்ளன.

வேறொரு விதமாக நிகழ்ந்ததென்று வைத்துக் கொள்வோர்க்குத்தான் சிக்கல். விளக்குப் போடப்பட்டதும் வந்தவன் ஒன்றும் எடுக்காமலே வெளியே பாய்ந்து ஓடுகின்றான். இரவு வீடுடைத்தலுக்கு எதிரான உரிமை அவன் வீட்டினுள் இருக்கும் வரைக்குமே நீடிக்கும் என்பது 98ஆம் பிரிவின் விதி. அவன் முதுகுக்குப் பின்னாற் சென்று விழும் அடி தற்காப்பு ஆகாது. பஞ்சாபிலே வயற் காணி ஒன்றினால் எழுந்த சண்டை பற்றிய வழக்கில், 1962ஆம் ஆண்டு இந்திய உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. எதிர்ப்பக்கத்தார் ஓடத் தொடங்கிய கணத்திலேயே ஆபத்து நீங்கிவிட்டது. அதன் பின்னர் அவர்களை நோக்கிச் சுட்டதற்குத் தற்காப்பு என்னும் போர்வை கிடையாது என்பது தீர்ப்பு.

ஓடுகின்றவன் கையில் நகைப் பெட்டி இருந்தால்? அப்பொழுது களவு தொடர்கின்றது. அவன் பொருளுடன் தப்பிச் சென்று சேரும் வரையிலோ, பொருள் மீட்கப்படும் வரையிலோ, அதிகாரிகளின் உதவி கிட்டும் வரையிலோ, துரத்திப் பிடித்துப் பறித்தெடுக்கும் உரிமை நிலைத்திருக்கும். ஆயின், வெறுங்கையோடு பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவனைக் கொல்லும் உரிமை அதிலில்லை. பெட்டியிலுள்ளது பாட்டியின் தாலிக்கொடி என்றாலும் அதுவே நிலை. இது கடுமையாகத் தோன்றலாம். பொருளைத் திரும்பப் பெற வழியுண்டு, உயிரைத் திரும்பப் பெற வழியில்லை என்ற கணக்கையே சட்டம் இங்குப் போட்டிருக்கின்றது.

கள்வன் பிடிபட்டான் என்று வைத்தால், ஊரார் கூடிவிடுவர். இங்கேதான் பெரிய தவறுகள் நிகழ்கின்றன. தம் கண்முன்னே பாரிய குற்றம் புரிபவனைக் கைதுசெய்யச் சாதாரண குடிமகனுக்கும் அதிகாரமுண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அவ்வதிகாரத்தை வழங்கி, பிடிக்கப்பட்டவனைத் தாமதமின்றிச் சமாதான அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றும் கட்டளையிடுகின்றது. தென்னை மரத்திலே கட்டிவைத்து விடியும்வரை அடிப்பதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. கட்டப்பட்டவனிடமிருந்து எவருக்கும் ஆபத்தில்லை, பொருளும் மீண்டுவிட்டது. அப்படியிருக்க விழும் ஒவ்வோர் அடியும் புதியதொரு குற்றம். இரவு ஒரு மணிக்குப் பொருளைப் பறிகொடுத்து நின்ற குடும்பத்தார், காலை ஆறு மணிக்குக் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி நிற்பது இவ்வாறுதான். நையப் புடைத்தவர் பத்துப் பேராக இருந்தால் பொறுப்புப் பத்தாகப் பங்கிடப்படும் என்று எண்ணுவாரும் உளர். பொது எண்ணத்தோடு செய்யப்பட்ட குற்றத்துக்கு ஒவ்வொருவரும் முழுமையாகவே பொறுப்பாளிகள்.

92ஆம் பிரிவிலே மூன்று கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அரசாங்க அலுவலர்களைப் பற்றியது. பிடியாணையோடு வரும் பொலிஸ் அலுவலரின் செயலில் சட்ட நுணுக்கப் பிழையொன்று இருக்கலாம். அவர் நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும்போது, மரணத்துக்கோ கடுங்காயத்துக்கோ அஞ்ச இடமில்லாதவிடத்து, அவரை எதிர்த்துக் கை ஓங்குதல் தற்காப்பாகாது. ஆயினும் அவர் இன்னார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றொன்று, தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது என்பது. அது மேலே கண்ட விடயமே. மூன்றாவது, பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்பது. யாழ்ப்பாணத்து மக்கள் மனப்பாடம் செய்துகொள்ளத் தக்கது இந்த மூன்றாவது விதிதான்.

ஏனெனில், இரவுக் கள்வனைவிட வேலிச் சண்டையே அங்கு அதிகமான இரத்தத்தைச் சிந்தவைத்திருக்கின்றது என்று சொன்னால் அதனை மறுப்பார் அதிகம் இரார். கிளுவையும் பூவரசும் நட்டு, பனையோலையாற் கட்டி, ஆண்டுதோறும் அடைக்கப்படும் வேலி. அடைக்கும்போது கதியால் ஒன்று அரை முழம் நகர்கின்றது. பக்கத்து வளவுக்காரர் கத்தியோடு வருகின்றார். இவரும் மண்வெட்டியோடு நிற்கின்றார். இருவர் மனத்திலும், தம் சொத்தைத் தாம் காக்கின்றோம் என்ற எண்ணமே நிறைந்திருக்கின்றது. ஒன்றுவிட்ட சகோதரராகவும் அவர்கள் இருக்கக்கூடும். பெரும்பாலும் இருப்பர்.

அரை முழ நிலம் இரவோடிரவாகக் கடலுள் அமிழ்ந்துவிடுவதில்லை. நாளைக்கும் அங்கேயே இருக்கும். பொலிஸ் நிலையத்துக்குப் போக அவகாசம் உண்டு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இத்தகைய பிணக்குகளுக்கென்றே வகுக்கப்பட்டது. காணிப் பிணக்கினால் சமாதானம் குலையும் என்ற நிலை தோன்றினால், பொலிசார் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். பிணக்குக்காரரே நேரில் மனுச் செய்யவும் வழியுண்டு. யாருடைய காணி என்ற பெரிய வினாவுக்கு அந்நீதிமன்றம் போவதில்லை. யாருடைய கையில் இருந்தது என்பதையே பார்க்கும். அறிவித்தல் கொடுக்கப்பட்ட நாளுக்கு முன் இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரையே மீண்டும் இருத்தும். இரண்டு மாதம் கடந்துவிட்டாலும் கதவு முற்றாக மூடப்படுவதில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சிவழி உரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியிழந்த ஓராண்டுக்குள் மாவட்ட நீதிமன்றத்திலே ஆட்சியை மீட்க வழக்குத் தொடரலாம். இவ்வழிகளெல்லாம் திறந்திருக்க, கத்தியைத் தூக்கியவர் பின்னர் தற்காப்பு என்று கூறும்போது நீதிபதி கேட்கும் முதற் கேள்வி, "ஏன் பொலிசுக்குப் போகவில்லை?" என்பதாகவே இருக்கும்.

ஆயின் ஒன்று. அயலவர் கத்தியை ஓங்கிவிட்டார் என்றால் கதை மாறிவிடுகின்றது. அது இப்போது காணிப் பிணக்கன்று, உயிர்ப் பிணக்கு. தலைக்கு மேல் வந்த கத்தியைத் தடுப்பதற்குப் பொலிஸ் நிலையம் போக அவகாசமில்லை. ஓடித் தப்பியிருக்கலாமே என்று சட்டம் கேட்பதுமில்லை. தமது வளவிலே நிற்பவர் புறமுதுகு காட்டவேண்டும் என்ற கடமை சட்டக்கோவையில் எங்கும் எழுதப்படவில்லை. தாமே வலிந்து சண்டையை மூட்டி, எதிரியைக் கத்தி எடுக்கப் பண்ணியவர் இந்த உரிமையைக் கோருவது மட்டும் எளிதன்று.

சொத்தைக் காப்பதற்கு மனிதர் நேரில் நில்லாது பொறியை நிறுத்திவிட்டுப் போவதும் உண்டு. சேனைப் பயிரைப் பன்றி தின்னாமற் காக்கக் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். சிலர் கம்பியிலே மின்சாரத்தைப் பாய்ச்சி விடுகின்றனர். யானைகள் மாண்டுபோகின்றன. விறகு பொறுக்கவும் தேனெடுக்கவும் போன மனிதரும் கால் இழக்கின்றனர், உயிரும் இழக்கின்றனர். தம்முடைய காணிக்குள் தாம் வைத்த பொறிதானே என்று இவர்கள் நினைப்பர்.

இங்கிலாந்திலே பூந்தோட்டக்காரர் ஒருவரும் அவ்வாறே நினைத்தார். விலையுயர்ந்த துலிப் மலர்க் கிழங்குகள் களவு போனமையால், மதில் சூழ்ந்த தம் தோட்டத்தில் 1825ஆம் ஆண்டு அவர் விசைத் துப்பாக்கி ஒன்றை வைத்தார். எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்கவில்லை. அயல் வீட்டு மயிலொன்று பறந்து அத்தோட்டத்துள் விழுந்தது. அதனைப் பிடித்துக் கொடுக்க மதிலேறிக் குதித்த பத்தொன்பது வயது இளைஞனின் முழங்காலைக் குண்டு துளைத்தது. 1828ஆம் ஆண்டு நீதிமன்றம் இளைஞனுக்கே நட்ட ஈடு வழங்கியது. அதற்குள்ளாகவே, 1827ஆம் ஆண்டில், இத்தகைய துப்பாக்கிகளை வைப்பது குற்றமென்று பாராளுமன்றம் சட்டமியற்றிவிட்டது. கட்டுத்துவக்கின் குறை அதுதான். கள்வன் யார், மயில் தேடி வந்த பிள்ளை யார் என்று அதற்குத் தெரியாது.

இலங்கையின் சட்டத்தையொத்த சட்டம் நடைமுறையிலிருந்த இந்தியாவிலும் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. பீகார் மாநிலத்திலே ஒரு வீட்டின் மலகூடச் சுவர் இடிந்து விழுந்தது. அவ்வீட்டுப் பெண்கள் அயல் வீட்டாரின் மலகூடத்துக்குப் போகத் தொடங்கினர். அயல் வீட்டுக்காரர் வாயால் தடுத்துப் பார்த்தார். பயனில்லை. மலகூடத்துக்குச் செல்லும் வழியிலே வெறும் செப்புக் கம்பியைக் கட்டி மின்சாரத்தைப் பாய்ச்சினார். அதில் ஒரு பெண் சிக்கி மாண்டாள். அத்துமீறி வந்தவள்தானே என்ற வாதத்தை 1963ஆம் ஆண்டு இந்திய உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறுபவருக்கென்று வரவேற்பு வைக்கவேண்டியதில்லை. எனினும் அவர்களைக் காயப்படுத்தவேண்டுமென்றே பொறி வைப்பது தற்காப்பில் அடங்காது எனத் தீர்ப்பளித்தது. அவசர வேளையொன்றுக்குப் போகவந்த ஒரு பெண்ணின் உயிர், ஒரு செப்புக் கம்பியின் விலைக்குப் போயிற்று.

எல்லையைச் சற்று மீறிவிட்டவரின் கதி என்ன? அவரும் வேண்டுமென்று கொலை செய்தவரும் ஒன்றா? சட்டம் அவ்வளவு குருடன்று. 294ஆம் பிரிவின் விதிவிலக்கொன்றின்படி, நல்லெண்ணத்தோடு தற்காப்புரிமையைப் பிரயோகிக்கையில், முன்யோசனையின்றியும் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமின்றியும் எல்லை கடந்து ஒருவர் மரணம் விளைத்தால் அது கொலையாகாது, கைமோசக் கொலையே ஆகும். இதற்குச் சட்டக்கோவையே ஓர் உதாரணம் தருகின்றது. குதிரைச் சவுக்கால் ஒருவன் அடிக்க வருகின்றான். அடிபடப் போகின்றவர் கைத்துப்பாக்கியை உருவுகின்றார். வந்தவன் நிற்கவில்லை. சவுக்கடியினின்று தப்ப வேறு வழியில்லை என உண்மையாகவே நம்பி அவர் சுட்டுவிடுகின்றார். குதிரையும் போய்ச் சவுக்கும் போய்விட்ட இக்காலத்திலும் சட்ட மாணவர்கள் இவ்வுதாரணத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். கொலைக்குச் சட்டத்திலுள்ள தண்டனை மரணம். 1976ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லையெனினும் அத்தண்டனை இன்றும் விதிக்கப்படுகின்றது. கைமோசக் கொலைக்கு மறியல் தண்டனையே உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில வேளைகளில் ஓர் அடியா, மூன்று அடியா என்பதைப் பொறுத்திருக்கும்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அறிந்துவைக்கத் தக்கது. இங்கிலாந்திலே தற்காப்பு என்ற பேச்சு எழுந்தால், அது தற்காப்பு அன்று என்று நிரூபிப்பது வழக்குத் தொடுப்போரின் கடன். இலங்கையில் நிலை வேறு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்பொறுப்பை எதிரியின் தோளிலே சுமத்துகின்றது. 1942ஆம் ஆண்டில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. ஆனால் அச்சுமை இலேசானது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருப்பதற்கே சாத்தியம் அதிகம் என்று காட்டினாற் போதும். எதிரி கூண்டிலேறிச் சாட்சி சொல்லித்தான் காட்டவேண்டும் என்பதுமில்லை. வழக்குத் தொடுநரின் சாட்சிகள் வாயிலிருந்தே அது வெளிப்பட்டாலும் நீதிமன்றம் அதனை ஏற்கும்.

ஆகவேதான் நிகழ்ச்சிக்குப் பிந்திய ஒரு மணி நேரம் பெறுமதியுடையது. அலவாங்கை ஒளித்துவைப்பவரும், இரத்தத்தைக் கழுவி முற்றத்தைக் கூட்டிவிடுபவரும், பயத்தினால் ஊரைவிட்டு ஓடிவிடுபவரும் தமக்குச் சாதகமான சாட்சியைத் தம் கையாலேயே அழிக்கின்றனர். கழற்றிய ஓடு கழற்றிய இடத்திலே கிடக்க வேண்டும். தம் உடம்பிலே சிறு கீறல் இருந்தாலும் அதனைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விழுந்து கிடப்பவனுக்கு உயிர் இருந்தால், அவனை வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தவர் யார் என்பதும் வழக்கேட்டில் ஏறும். அலவாங்கோடு நின்ற அந்தக் குடும்பத் தலைவர் விடியுமுன்னர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, நடந்ததை நடந்தபடியே தம் முதல் வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டால், பல மாதங்களின் பின் விளக்கத்தின்போது அவர் சொல்வதும் அந்தக் காகிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீதிபதி ஒப்பிட்டுப் பார்ப்பார்.